குன்றேறாதவனுக்குக் கள் இல்லை

அரசன் கொனாங் இறந்த செய்தி வந்தபோது ரோனத் இடுப்பளவு சேற்றில் நின்று ஒரு சிவப்புப் பசுவின் கழுத்தைக் கட்டிப் பிடித்திருந்தாள். பசு விடிந்ததிலிருந்து சதுப்பில் சிக்கிக் கிடந்தது. அவள் கணவன் மேனாக் கரையில் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். மழை தூறலாக ஆரம்பித்து, தூறலாகவே நீடித்தது.

நியாயக்காரர் உல்டான் தன் குட்டைக் குதிரையைக் கரையோரம் நிறுத்தினார். அந்தச் சின்ன நாட்டில் எந்த வழக்கானாலும் அவர் வாயிலிருந்து வருவதுதான் தீர்ப்பு. இறங்கி நிற்க ஈரமில்லாத இடம் ஏதாவது தென்படுகிறதா என்று பார்த்தார். தென்படாததால் குதிரை மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"தாயி, ஒரு சேதி. ராஜா போயிட்டாரு."

"எங்க போனாரு?"

"எங்கயா? செத்துட்டாரும்மா. நேத்து சாயங்காலம் கை கழுவ எந்திரிச்சவரு, அப்படியே சாஞ்சுட்டாரு."

ரோனத் பசுவின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அதன் நனைந்த பிடரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நல்ல மனுஷன்," என்றாள். பிறகு தலையை நிமிர்த்தி, "ஐயா, இறங்கி வந்து அந்தக் கயித்துல ஒரு கை வையுங்க. அழறதுன்னாலும் இதை மேல ஏத்திட்டு அழலாம்," என்றாள்.

உல்டான் தன் அறுபது வயதுக்குள் எத்தனையோ வழக்குகளை இழுத்திருக்கிறார், பசுவை இழுத்ததில்லை. ஆனாலும் இறங்கினார். மூன்று பேருமாகத் தம் பிடித்ததில் பசு 'பொளக்' என்ற சத்தத்தோடு வெளியே வந்து, அவரையே முட்டித் தள்ளிவிட்டு நடந்தது. சேற்றில் உட்கார்ந்தபடியே அவர் மீதிச் செய்தியைச் சொன்னார். பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள் புது அரசனுக்குக் கிண்ணம் கொடுக்க வேண்டும்.

"அப்ப இருபது நாள்தான் இருக்கு," என்றாள் ரோனத், விரல்விட்டு எண்ணி. "பார்லிய இன்னைக்கே ஊறப் போடணும்."

அந்த நாட்டில் ஈட்டி வைத்திருப்பவன் எல்லாம் அரசனாகிவிட முடியாது. மண் ஆன்யா என்ற தெய்வத்துடையது. பார்லியில் பால் பிடிப்பதும், பசுவின் மடி கனப்பதும், குன்றின் தெற்குச் சரிவில் மற்ற இடங்களுக்கு முன்பாகவே பனி உருகுவதும் அவளால்தான். அரசன் என்பவன் அவள் ஒப்புக்கொண்ட மாப்பிள்ளை. குன்றின் சரிவில் இருக்கும் மேனாக்கின் வீட்டுப் பெண் மட்டும், அந்த ஒரு நாள் மட்டும், ஆன்யாவாக உச்சியில் நிற்பாள். அரசனாக வேண்டியவன் ஆயுதமில்லாமல், வெறுங்காலோடு ஏறி வர வேண்டும். "என்னை எப்படி வச்சுக்குவே?" என்று அவள் கேட்பாள். அவன் பதில் சொல்ல வேண்டும். பதில் பிடித்திருந்தால், அந்தச் சரிவில் விளைந்த பார்லியில் காய்ச்சிய கள்ளை ஊற்றிக் கொடுப்பாள். அவன் குடித்த பிறகுதான் அரசன். அதுவரை அவனும் நாலு பேரில் ஒருவன்.

ரோனத் அப்படி ஒருமுறை நின்றிருக்கிறாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கொனாங் மூச்சு வாங்க ஏறி வந்து, கேட்ட கேள்விக்குத் தலையைச் சொறிந்தான். கடைசியில், "தெரியல. தப்பு செஞ்சா சொல்லு, திருத்திக்கறேன்," என்றான். கூட்டம் சிரித்துவிட்டது. ரோனத் சிரிக்கவில்லை. கிண்ணத்தை விளிம்பு தளும்ப நிரப்பிக் கொடுத்தாள். இருபத்தோரு வருடம் அவன் சொன்னபடியே இருந்தான். தான் ஊற்றிய கள் வீண் போகவில்லை என்ற கர்வம் அவளுக்கு உண்டு. வெண்ணெய் எடுக்கும்போதும், கன்றுக்குட்டியை ஒரே தூக்காகத் தூக்கி வேலிக்கு அப்பால் விடும்போதும் அந்தக் கர்வம் அவள் தோளில் தெரியும். ஊரில் அதைக் கேலி பேசுபவர்களும் இருந்தார்கள். "ஆன்யா வந்துட்டா, வழி விடுங்கப்பா," என்பார்கள். அவளும் அசராமல் அவர்கள் விட்ட வழியிலேயே நடந்து போவாள்.

அடுத்த அரசன் டூன்லங்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கொனாங்கின் தம்பி மகன், முப்பது வயது, பார்க்க லட்சணமானவன், அது அவனுக்கே நன்றாகத் தெரியும். அக்கம்பக்கத்து நாட்டார் ஓட்டிச் சென்ற மாடுகளை மூன்று முறை விரட்டிப் போய் மீட்டு வந்தவன். ரத்த உரிமை இன்னொருவனுக்கும் இருந்தது. ஆனால் பள்ளத்தாக்கில் மாடு வளர்க்கும் அந்தப் பருத்த லோனன், "எனக்கு மாடுங்க பேச்சைக் கேக்கவே நேரம் பத்தல. மனுஷங்க பேச்சை வேற கேக்கணுமா?" என்று சொல்லி ஒதுங்கிவிட்டான்.

பார்லி முளைவிட்டு, காய்ந்து, இடிபட்டு, தொட்டியில் நுரைக்க ஆரம்பித்த ஐந்தாம் நாள் டூன்லங் ரோனத்தின் வீட்டுக்கு வந்தான். குதிரையிலிருந்து இறங்கி, குனிந்து உள்ளே நுழைந்து, கொடுத்த மோரை மரியாதையாக வாங்கிக் குடித்தான்.

"அக்கா, கள் வாசனை ஆத்தங்கரை வரைக்கும் தூக்குது."

"தூக்கும். காய்ச்சறது நானாச்சே."

"அதைக் கீழ கொண்டு வந்துடுங்க. காஷல்லேர்ந்து பெரிய ராஜாவோட தூதர் வர்றாரு. வயசானவரு. அவரை இந்த வழுக்குப் பாறையில ஏத்த முடியுமா? என் மண்டபத்துல வச்சே முடிச்சிடலாம். தூணுக்கெல்லாம் பித்தளைத் தகடு அடிச்சிருக்கேன்."

"தூதர் கீழயே உக்காந்து கறி தின்னட்டும். ராஜா ஆகப்போறது அவரு இல்லையே. நீ ஏறி வா."

"செருப்பில்லாம, கத்தியில்லாம, ஆட்டுப் புழுக்கைய மிதிச்சுக்கிட்டா?"

"உன் பெரியப்பா அப்படித்தான் ஏறுனாரு."

"அதனாலதான் காஷல்ல அவரை மாட்டுக்கார ராஜான்னு சொல்லிச் சிரிச்சாங்க."

"நாம மாட்டுக்காரங்கதானே தம்பி. வேற என்னன்னு சொல்லணும்?"

டூன்லங்கின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. "மூணு தடவை இந்த நாட்டு மாட்டை உசுரைக் குடுத்து மீட்டேன். மண்ணுதான் என்னைத் தேடி வரணும். ஒரு தடவை ஆன்யா என் வாசலுக்கு வந்தா என்ன, குறைஞ்சா போயிடுவா?"

அவன் கேட்டதில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மீட்ட மாடுகளில் அவளுடைய கன்றுகளும் இரண்டு இருந்தன.

"நீ மீட்டதை நான் மறக்கல. ஆனா அவ யார் வாசலுக்கும் போனதில்ல. இங்க பொறக்கறவன், சாகறவன், விதைக்கறவன் எல்லாருக்கும் அவ பொது. உன் வீட்டுக்கு வந்து ஊத்துனா உன் வீட்டுப் பொம்பளை ஆயிடுவா. மத்தவங்களுக்கு அப்புறம் யாரு இருக்கா?" என்றாள். "முன்னாடி ஒரு ராஜா அவளைக் கையைப் பிடிச்சு இழுத்தானே, என்னாச்சு?"

அதைத் தெரியாதவர்கள் அங்கே யாருமில்லை. அலில் என்ற அந்தப் பழைய அரசன் குன்றில் ஆன்யாவைப் பலவந்தம் செய்தான். அவள் அவன் காதை அடியோடு கடித்துத் துப்பினாள். உடலில் குறை உள்ளவன் அரசனாக இருக்கக் கூடாது. அன்றோடு அவன் ஆட்சி போனது. ஒற்றைக்காதன் என்ற பேர் மட்டும் மிஞ்சியது.

"நீங்களும் கடிப்பீங்களோ?" என்றான் டூன்லங் எழுந்தபடி. "பல்லெல்லாம் கெட்டியாத்தான் இருக்கு."

மூலையில் கூடை முடைந்துகொண்டிருந்த மேனாக் தலை நிமிராமலே, "இருக்கும் தம்பி. இருபத்தோரு வருஷமா நானே தள்ளித்தான் படுக்கறேன்," என்றான்.

டூன்லங் சிரிக்காமல் வெளியேறினான்.

மறுநாள் காலை நான்கு ஈட்டிக்காரர்கள் வந்தார்கள். அடுப்புக்கு மேலிருந்த மாடத்தில் வெள்ளி விளிம்பு கட்டிய மரக் கிண்ணம் இருந்தது. அதை எடுத்து ஒரு துணியில் சுற்றிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன் கோனல், கீழ்த்தெரு லசரின் மகன். அவன் ரோனத்தின் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"கோவிச்சுக்காதீங்க சித்தி. மண்டபத்துல பேவின் அண்ணி கையால குடுக்கப் போறாங்களாம். டூன்லங் அண்ணன் உத்தரவு."

"கட்டுன பொண்டாட்டி கையால வாங்கிக் குடிக்கறதுக்குப் பேரு ராஜ்யமா? அது ராத்திரிச் சாப்பாடுடா," என்றாள் ரோனத். "உங்கம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தியா?"

"இல்ல சித்தி."

"சரி, விடு. நானே சொல்லிக்கறேன்."

கோனலின் முகம் வெளிறிப் போனது. அடுத்து அவர்கள் கள் தொட்டியை நெருங்கினார்கள். ரோனத் போய்த் தொட்டியின் மூடி மேல் உட்கார்ந்துகொண்டாள். "தூக்கறதுன்னா என்னையும் சேர்த்துத் தூக்குங்க." நான்கு பேரும் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று மதியமே உல்டான் வந்து சேர்ந்தார். இந்த முறை அவர் குதிரையிலிருந்து இறங்குவதற்கு முன்பே பெருமூச்சு விட்டார்.

"விட்டுக் குடுத்துடேன் தாயி. கிண்ணம் அவன்கிட்ட இருக்கு, ஈட்டி அவன்கிட்ட இருக்கு."

"ஐயா, சட்டம் கிண்ணத்தைச் சொல்லுதா, கையைச் சொல்லுதா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடமாக இருந்த பழைய சொற்களை வாய்க்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஒரு திகைப்பு.

"ரெண்டையும் சொல்லலியே. குன்றைச் சொல்லுது. கள்ளைச் சொல்லுது."

"அது ரெண்டும் என்கிட்டதானே இருக்கு."

"அதான்மா எனக்குப் பயமா இருக்கு."

பயம் ரோனத்துக்கும் இருந்தது. கூரை வைக்கோல்தான், ஒரு தீப்பந்தம் போதும். குறித்த நாளின் காலையில் அவள் தலையை வாரிப் பின்னி, சிவப்பு மேலங்கியைப் போர்த்தி, வெண்கல ஊசியால் அதைத் தோளில் பிணைத்துக்கொண்டாள். பால் கறக்கும் மரவாளியைத் தேய்த்துக் கழுவி, அதில் கள்ளை நிரப்பினாள். மேனாக் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. ஆனா நீ போகாம வீட்டுலயே இருந்துட்டேன்னு வச்சுக்க, அதுக்கப்புறம் உன்கூட ஒரே வீட்டுல இருக்கறதை நினைச்சா அதைவிட பயமா இருக்கு," என்றான் அவன். வாளியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே காற்றைத் தவிர யாருமில்லை. கீழே டூன்லங்கின் வட்ட மண்கோட்டையிலிருந்து புகை எழுந்தது. பன்றிக்கறி வறுபடும் வாசனை குன்று வரைக்கும் வந்தது. மனிதர்கள் எறும்பு வரிசை போலக் கோட்டை வாசலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். கொம்பு ஊதும் சத்தம் கேட்டது. வாளியைப் புல்லில் வைத்ததும் மேனாக் சற்றுக் கீழே போய் உட்கார்ந்துகொண்டான். ரோனத் நிமிர்ந்து நின்றாள்.

வெகு நேரம் நின்றாள். முதலில் கோபம் இருந்தது. பிறகு அவமானம் மெல்ல எட்டிப் பார்த்தது. பால்காரி ஒருத்தி பால் வாளியோடு தெய்வ வேஷம் கட்டி நிற்கிறாள் என்று கீழே சிரித்துக்கொண்டிருப்பார்களோ? அப்போது மேகம் கொஞ்சம் விலகி, வெயில் பள்ளத்தாக்கில் இறங்கியது. காமோக் ஆறு வளைந்து வளைந்து மின்னியது. வேலி வேலியாகப் பார்லி, ஓட்ஸ், மேய்ச்சல் நிலம், நடுநடுவே புள்ளி புள்ளியாக மாடுகள். ஒவ்வொரு வயலும் யாருடையது, அதில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த வரப்புக்காக யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். இத்தனையும் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அவளுடைய முதுகு தானாக நேரானது. யாருமே வராவிட்டாலும் இருட்டும்வரை நிற்பது என்று முடிவு செய்தாள்.

முதலில் வந்தது லசர். ஒல்லியான, வாய்த்துடுக்கான பெண். பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு மூச்சிரைக்க ஏறினாள்.

"என்னடி இது, தனியா நிக்கறே? எம்மவன் திருடுன கதையை எங்கிட்ட வந்து சொல்லத் தெரிஞ்சுது, கூட நிக்க வாடின்னு ஒரு வார்த்தை கூப்பிடத் தெரியலியா?"

"நான் யாரையும் கூப்பிடக் கூடாதுடி. வேணுங்கறவங்கதான் வரணும்."

"பெரிய ஆன்யாதான் நீ!" என்று சொல்லிக்கொண்டே லசர் அவளுக்கு இடப்பக்கம் வந்து நின்றாள்.

பிறகு கீழ்த்தெருப் பெண்கள் ஆறேழு பேர் வந்தார்கள். கொல்லன் தன் மனைவியோடு வந்தான். எறும்பு வரிசை கோட்டை வாசலில் ஒரு கணம் தேங்கி, கலைந்து, திசை திரும்புவதை ரோனத் மேலிருந்து பார்த்தாள். கைக்குழந்தைகளோடு வந்தார்கள். தடி ஊன்றி வந்தார்கள். லோனன் கையில் ஒரு பன்றித் தொடையோடு ஏறி வந்து, "கீழ பரிமாறிட்டாங்க. வீணாக்க மனசு வரல," என்று விளக்கம் சொன்னான். அவனுக்குப் பின்னால் உல்டான், தாடியில் நெய் மினுங்க, குதிரையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

"சாப்ட்டுட்டீங்களா ஐயா?" என்று கேட்டாள் ரோனத்.

"வெறும் வயித்தோட நியாயம் சொன்னா கோணலாப் போயிடும் தாயி."

கடைசியாக டூன்லங் வந்தான். குதிரை மேல், மின்னும் கழுத்து வளையத்தோடு, பின்னால் முப்பது ஈட்டிகளோடு. பாதி வழியில் குதிரை வழுக்கிச் சறுக்கியது. அவன் அதை அடித்து மேலே ஏற்றினான். கூட்டம் விலகி வழி விட்டது. ஒருவரும் தலை குனியவில்லை.

"எல்லாரும் கீழ போங்க," என்றான் அவன். "விருந்து ஆறுது. தூதர் தனியா உக்காந்திருக்காரு. இது எனக்கு அவமானம் இல்ல, நம்ம நாட்டுக்கே அவமானம்."

யாரும் அசையவில்லை. அவன் தன் ஆட்கள் பக்கம் திரும்பினான். "அந்த வாளிய எடுங்க. அந்தம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

ஈட்டிக்காரர்கள் இரண்டடி எடுத்து வைத்தார்கள். அவர்களுக்கு எதிரே நின்றவர்கள் அவர்களின் அம்மாக்கள், அத்தைகள், அக்காக்கள்.

"டேய் கோனல்!" என்றாள் லசர். குரல் குன்றின் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். "யாரு மேலடா ஈட்டியத் தூக்கறே? உனக்கு அம்மை போட்டப்ப ஒம்போது நாள் உன்னை மடியில வச்சுப் பால் ஊத்துனவ அவ. கீழ போடு அதை! போடறியா, நான் வந்து போட வைக்கட்டுமா?"

கோனல் ஈட்டியைக் கீழே போட்டான். போட்ட பிறகு கையை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான். அவன் பக்கத்தில் நின்றவனும் போட்டான். புல்லில் ஈட்டிகள் விழும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. டூன்லங் அந்தச் சத்தம் முடியும்வரை குதிரை மேல் ஆடாமல் அமர்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்தபோது ரோனத்துக்கு இரக்கம் வந்தது. ஆனால் அன்றைக்கு இரக்கப்படும் உரிமை அவளுக்கு இல்லை.

அவள் வாளியைக் கையில் எடுத்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"டூன்லங், என்னை எப்படி வச்சுக்குவே?"

அவன் இறங்கியிருக்கலாம். செருப்பைக் கழற்றியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள், லசர்கூட எதிர்பார்த்தாள். அவன் இடுப்பிலிருந்த துணி மூட்டையை அவிழ்த்து, வெள்ளி விளிம்புக் கிண்ணத்தை எடுத்து, குதிரை மேலிருந்தபடியே நீட்டினான்.

"ஊத்து," என்றான்.

ரோனத் அசையவில்லை. "இறங்காதவனுக்கு இல்ல."

அவன் கிண்ணத்தைப் புல்லில் எறிந்தான். குதிரையைத் திருப்பினான். ஆறு பேர் மட்டும் தயங்கித் தயங்கி ஈட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு அவன் பின்னால் போனார்கள். அவன் கோட்டைப் பக்கம்கூடப் போகவில்லை. ஆற்றைத் தாண்டி மேற்கே போனான்.

அவன் மறைந்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. அரசன் இல்லை. கள் இருக்கிறது. லோனனைப் பார்த்தார்கள். அவன் பன்றித் தொடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இன்னைக்கு வேணாம். இப்படி ஒருத்தனைத் துரத்திட்டு அவன் எடத்துல நின்னா எனக்குச் சோறு இறங்காது," என்றான்.

"ஐயா?" என்று உல்டான் பக்கம் திரும்பினாள் ரோனத்.

அவர் தாடியைத் தடவினார். "ராஜா இல்லாம கள் ஊத்தலாம்னு சட்டத்துல எங்கயும் இல்ல," என்றார். "ஊத்தக் கூடாதுன்னும் இல்ல."

ரோனத் கிண்ணத்தைப் புல்லிலிருந்து எடுத்து, மேலங்கியில் துடைத்து, நிரப்பினாள். முதல் ஆளாக லசருக்கு நீட்டினாள்.

"என்னை எப்படிடி வச்சுக்குவே?"

லசர் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை வாங்கினாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "என் பங்கு வரப்பைச் சரியா கட்டுவேன். அடுத்தவ நிலத்துல தண்ணியத் திருப்ப மாட்டேன்." குடித்தாள். அடுத்து கொல்லன். அடுத்து அவன் மனைவி. ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். சிலர் பெரிதாகச் சொன்னார்கள். சிலர் வெட்கப்பட்டு, "நல்லபடியா," என்று மட்டும் சொன்னார்கள். கோனல் முழங்காலிட்டு, "திருட மாட்டேன்," என்றான்; கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒருவருக்கு ஒரு மடக்குதான். ஆனாலும் வாளி எல்லோருக்கும் வந்தது. கடைசி மடக்கை மேனாக்குக்குக் கொடுத்தபோது அவன், "என்கிட்ட இந்தக் கேள்வியைத் தினமும்தான் கேக்கறியே," என்றான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அதற்குள் காஷல் தூதரை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். தனியாக உட்கார்ந்திருக்க அவருக்குப் பொறுக்கவில்லையாம்.

"உங்க ராஜா யாரு? என் ராஜாகிட்ட நான் என்ன பேரைப் போய்ச் சொல்றது?" என்றார் அவர்.

"ஆன்யா பேரைச் சொல்லுங்க," என்றாள் ரோனத். "மாப்பிள்ளை பேரை அடுத்த வருஷ அறுப்புக்குச் சொல்லி அனுப்பறோம்."

கிழவர் அவளை உற்றுப் பார்த்தார். நாற்காலியிலிருந்து எழுந்து, அவள் முன்னால் தலை தாழ்த்தினார். பெரிய அரசனின் தூதர் யாருக்காகவும் எழுந்து நின்று அவர்கள் பார்த்ததில்லை.

அரசனில்லாத நாடு என்ற செய்தி தீயாய்ப் பரவியது. இலையுதிர் காலத்தின் கடைசியில் வடக்கத்தியார் எழுபது பேர் மாடு ஓட்டிப் போக வந்தார்கள். காமோக் ஆற்றில் கால் எட்டும் துறை ஒன்றுதான். அதன் கரையில் ஈட்டியோடும் அரிவாளோடும் வைக்கோல் குத்தும் கோலோடும் மொத்த நாடும் நின்றது. யார் தலைவன் என்று வந்தவர்களுக்குப் புரியவில்லை. யாரை வீழ்த்தினால் மற்றவர்கள் ஓடுவார்கள் என்றும் தெரியவில்லை. ஆனாலும் அவர்கள் சண்டைக்காரர்கள். துறையின் மேல்பக்கம் நின்ற ஊர்க்காரர்கள் பின்வாங்க ஆரம்பித்த நேரத்தில் மேற்கிலிருந்து ஏழு குதிரைகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தன. முதல் குதிரையில் டூன்லங் இருந்தான். யாரும் அவனை அழைக்கவில்லை. யார் சொல்லித் தெரிந்துகொண்டான் என்பதும் கடைசிவரை தெரியவில்லை. மதியத்துக்குள் வடக்கத்தியார் வந்த வழியே ஓடினார்கள். ஒரு கன்றுகூடப் போகவில்லை.

ரோனத் அவனைத் துறையோரம் கண்டாள். ஒரு கல் மேல் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்திருந்தான். இரண்டு விரல்கள் போய்விட்டிருந்தன. அவள் மேலங்கியின் ஓரத்தைக் கிழித்து, ரத்தம் நிற்கப் பாசியை வைத்து இறுக்கிக் கட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"இனிமே நான் ராஜா ஆக முடியாது. இல்லக்கா?"

"முடியாது தம்பி," என்றாள் அவள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"சரிதான்." கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தான். "அன்னைக்கு இறங்கியிருக்கணும். இறங்கணும்னுதான் நினைச்சேன். காலு வரல."

"தெரியும். உன் மூஞ்சியில பார்த்தேன்."

"பார்த்துட்டும் ஊத்தலியே."

"இறங்கணும்னு நினைச்சவனுக்கெல்லாம் ஊத்துனா, இறங்கி வர்றவனுக்கு என்ன மிஞ்சும்?" முடிச்சைப் போட்டாள். "ஆனா ஒண்ணு சொல்றேன். உன் பேரைக் குன்றுல சொல்லுவேன்."

"ராஜான்னா?"

"துறையில நின்னவன்னு."

அவன் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டான். அன்று மாலை அவன் தன் பழைய கோட்டைக்கு நடந்தே திரும்பினான். வாசலில் பேவின் விளக்கோடு நின்றிருந்ததாகச் சொன்னார்கள்.

அடுத்த வருட அறுப்பில் லோனன் அரசனானான். மறுக்க இனி அவனுக்குச் சாக்கு இருக்கவில்லை. வெறுங்காலோடு ஏறும்போது இரண்டு முறை வழுக்கி விழுந்தான்; "பூமி ஆடுதுப்பா," என்று அவனே சொல்லிச் சிரித்தான். அவன் பதிலைக் கேட்ட பிறகு ரோனத் கிண்ணத்தை நிரப்பிக் கையில் வைத்துக்கொண்டு, உடனே கொடுக்காமல், துறையில் நின்றவர்களின் பேர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். கொல்லன் பேர், அவன் மனைவி பேர், லசர், கோனல், மேனாக். டூன்லங்கின் பேரைச் சொன்னபோது குன்று முழுவதும் தரையில் தடியால் தட்டி ஆர்ப்பரித்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் இரண்டு விரல் இல்லாத கையோடு நின்றவன் தலையைக் குனியவில்லை. பேர்கள் நீண்டுகொண்டே போயின. லோனன் தாகத்தோடு கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவசரப்படவில்லை.